தந்தையின்றி வளர்ந்து தந்தையாய் நின்றவர்

இவ்வாண்டு விழா மலரில் தந்தையரைப் போற்றும் கட்டுரை ஒன்று இடம்பெற வேண்டும் என்று நம் சங்கத்து அன்பர்கள் விரும்பினர். அன்னையைப் போற்றும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வருகின்றன. தந்தைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம் என்று எண்ணுவதற்குள் விளம்பரங்கள் வந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இம்முறையாவது அக்குறையை நீக்குவோம் என்று எழுதப் புகுந்தோம். யாருடைய வாழ்க்கையை எழுதுவது என்று எண்ணியபோது, கப்பன் பூங்காவில் செந்நிற நூலகக் கட்டடத்தின் முன் நிற்கும் சிலை நினைவில் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவ்வழியே செல்லாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. சிலை யாருடையது என்று குழந்தைகள் கேட்டால், யாரோ பழைய திவான் என்று சொல்லிவிட்டுக் கடலை வாங்கித் தரப் போய்விடுகிறோம்.

அவர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். தந்தையரைப் பற்றிய கட்டுரைக்கு அவர் எவ்வாறு பொருந்துவார் என்று வரலாறு அறிந்த அன்பர்கள் கேட்கலாம். ஏனெனில் அவர் தம் தந்தையின் முகத்தை நினைவில் கொண்டிருக்க வழியில்லாதவர். அக்காரணம் பற்றியே அவரைத் தேர்ந்தோம். பெற்ற தந்தை இல்லாத இடத்தில் எத்தனை கைகள் தந்தையின் கைகளாக நீள்கின்றன என்பதை அவர் வரலாற்றில் காண்பது போல் வேறெங்கும் எளிதில் காண இயலாது.

1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் நாள், மலபார் ஜில்லாவில் பாலக்காட்டை அடுத்த குமாரபுரம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெயரின் முன் நிற்கும் எழுத்து அவ்வூரையே குறிப்பது. தஞ்சைச் சீமையிலிருந்து மேற்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. தந்தையார் அனந்தநாராயண ஐயர் கோழிக்கோட்டில் வக்கீல் தொழில் நடத்தியவர். அவருடைய இளைய தாரமாகிய வேங்கடலட்சுமி அம்மாளின் திருவயிற்றில் உதித்தவர் சேஷாத்ரி. குழந்தை நடை பழகும் பருவத்திலேயே தந்தையார் காலமானார்.

தகப்பனை இழந்த இளையாள் பிள்ளையின் கதி அக்காலத்தில் என்னவாகும் என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூத்தாள் மகன் சொத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வதும், இளையாள் தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிறந்தகம் போய்ச் சேர்வதும் கதைகளில் மட்டும் நடந்தவை அல்ல. சேஷாத்ரியின் வீட்டில் அவ்வாறு நிகழவில்லை. மூத்தாள் மகனான தமையனார் குடும்பப் பாரத்தைத் தம் தோளில் ஏற்றார். தாய் வேறானாலும் தம்பியைத் தம் பொறுப்பாகவே கருதி வளர்த்துப் படிக்கவைத்தார். வரலாற்று நூல்கள் இந்தத் தமையனாரை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நமக்கோ அந்த ஒரு வரியைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. பிற்காலத்தில் ஒரு சமஸ்தானத்தையே தாங்கிய தோள்களுக்கு முதல் வலுவைத் தந்தவர் அவரே அன்றோ!

கொச்சியில் பாதிரிமார் நடத்திய பள்ளியிலும், பின்னர்க் கோழிக்கோட்டு மாகாணப் பள்ளியிலும் சிறுவர் கல்வி பயின்றார். கோழிக்கோட்டுப் பள்ளியின் தலைவராயிருந்த பாரோ என்னும் ஆங்கிலேய ஆசிரியரின் மேற்பார்வையில் அவர் அறிவு துலங்கிற்று. 1863-இல் அங்கே ஏற்படுத்தப்பட்டிருந்த கானொலி உபகாரச் சம்பளத்தை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அச்சம்பளத்தின் துணையோடு சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற்றார். ஊருக்குத் திரும்பியபின் 1868-இல் கோழிக்கோட்டுக் கலெக்டர் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் கிடைத்தது. ஒரு சாதாரணக் குடும்பம் மனநிறைவு கொள்வதற்கு அது போதுமான உத்தியோகமே. அத்துடன் நின்றிருந்தால், ஓய்வூதியம் பெற்ற ஒரு தாசில்தாராக அவர் வாழ்க்கை முடிந்திருக்கும்.

அவ்வாறு முடியாதபடி செய்தவர் சி. ரங்காசார்லு அவர்கள். செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ரங்காசார்லு 1831-இல் பிறந்தவர்; நம் கதாநாயகரினும் பதினான்கு வயது மூத்தவர். கோழிக்கோட்டில் டிப்டி கலெக்டராக இருந்தபோது அவர் இவ்விளைஞரின் திறமையைக் கண்டிருந்தார். 1868-இல் மைசூர் அரண்மனை நிர்வாகத்தைச் சீர்செய்யும் பொறுப்பு ரங்காசார்லுவிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் அங்குச் சென்ற அவ்வாண்டிலேயே சேஷாத்ரியையும் வரவழைத்து, அஷ்டகிராமப் பகுதியில் நீதி இலாகா சிரஸ்தேதார் வேலையில் அமர்த்தச் செய்தார். அப்பொழுது இளைஞருக்கு வயது இருபத்து மூன்று.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். அயலூரில் பிழைக்க வந்த நம்மவருள் ஒரு ரங்காசார்லுவைக் காணாதவர் யார்? முதல் மாதத்தில் தம் ஒற்றை அறையில் பாய் விரித்து இடம் கொடுத்தவர். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, தம் சைக்கிளின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு ஆலை வாயிலில் இறக்கிவிட்டவர். வீட்டுக்காரர் முன்பணம் கேட்டபோது தாம் ஜாமீன் நிற்பதாகச் சொன்னவர். சம்பளம் வந்ததும் ஊருக்கு மணியார்டர் அனுப்பினாயா என்று கேட்டுக் கண்டித்தவர். பெரும்பாலும் அவர் நமக்கு உறவினரும் அல்லர். ஊர்க்காரர், அல்லது ஊர்க்காரருக்குத் தெரிந்தவர். அவரை மாமா என்றோ அண்ணாச்சி என்றோ அழைத்திருப்போம். நம் பிள்ளைகளின் திருமணப் பத்திரிகையில் அவர் பெயர் எந்த வரிசையிலும் இடம்பெறாது. ஆயினும் அவர் இல்லையேல் இக்காலனியில் நம் வீட்டுக் கதவு எண் இல்லை.

மைசூரில் சேஷாத்ரி ஐயர் படிப்படியாக உயர்ந்தார். உத்தியோகத்தில் இருந்தவாறே படித்து 1874-இல் சட்டப் பட்டமும் பெற்றார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை அவர் அச்சமஸ்தானத்து அதிகாரியாக இருந்து நேரில் கண்டார். மைசூர்ச் சீமையில் மட்டும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர் என்பது கணக்கு. 1879-இல் தும்கூர் ஜில்லாவின் டிப்டி கமிஷனரானார். 1881 மார்ச் 25-ஆம் நாள் ஆங்கிலேயர் சமஸ்தானத்தை இளம் மகாராஜா சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பி ஒப்படைத்தபோது ரங்காசார்லு திவானானார். பஞ்சம் விட்டுச்சென்ற கடன் எண்பது இலட்சம் ரூபாய் அளவில் இருந்தது. அந்நிலையிலும் அவர் அவ்வாண்டுத் தசராவின்போது 144 பேர் கொண்ட பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டினார். சுதேச சமஸ்தானங்களில் அத்தகைய சபை அதற்கு முன் கூடியதில்லை. திவானின் அருகில் தனி அலுவல் அதிகாரியாக இருந்து உடனுழைத்தவர் சேஷாத்ரி ஐயர்.

இரண்டே ஆண்டுகளில், 1883 ஜனவரி 20-ஆம் நாள், ரங்காசார்லு சென்னையில் காலமானார். அறியாப் பருவத்தில் பெற்ற தந்தையை இழந்தவர், அறிந்த பருவத்தில் வளர்ப்புத் தந்தையை ஒத்தவரை இழந்தார். திவான் பதவி அவரைத் தேடி வந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. மறு ஆண்டில், ரங்காசார்லுவின் நினைவாக மைசூரில் நகர மண்டபம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் கல் மண்டபத்தினும் மேலான நினைவுச் சின்னம் ஒன்றைச் சேஷாத்ரி ஐயர் எழுப்பினார் என்பது நம் கருத்து. முன்னவர் தொட்டிலில் இட்டுச் சென்ற பிரதிநிதி சபையை அவர் கைவிடவில்லை. ஆண்டுதோறும் கூட்டினார், 1891-இல் அதன் உறுப்பினரைத் தேர்தல் வாயிலாகத் தெரிந்தெடுக்கும் முறையைப் புகுத்தினார். சொத்துடையோர்க்கும் படித்தோர்க்கும் மட்டும் உரியதாக இருந்த குறுகிய வாக்குரிமைதான்; எனினும் அக்காலத்திற்கு அது பெரிதே.

ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அவர் திவானாக இருந்தார். மைசூர் வரலாற்றில் அவ்வளவு காலம் தொடர்ந்து அப்பதவியில் இருந்தவர் அரியர். பஞ்சம் கண்ட வீட்டுத் தகப்பனார் முதலில் நெல்லுக்கும் நீருக்கும் வழி தேடுவது போல, அவரும் முதலில் ஏரிகளையும் கால்வாய்களையும் இரயில் பாதைகளையும் கவனித்தார். கடனை அடைத்து, கருவூலத்தில் உபரி காணும் நிலைக்குச் சமஸ்தானத்தைக் கொண்டுவந்தார். சித்திரதுர்க்கா ஜில்லாவில் வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிக்கணிவே அணை 1898-இல் தொடங்கப்பெற்றது. அது 1907-இல் நிறைவுற்றபோது அவர் இல்லை.

பெங்களூருக்கு அவர் செய்தவற்றை நாம் நாள்தோறும் துய்க்கிறோம். செய்தவர் பெயரை அறியாமலே துய்க்கிறோம். மலர்க்காட்சிக்கு நாம் வரிசையில் நிற்கும் லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் இடப்பட்டது. 1890-களின் இடையில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் வழியே நகருக்குக் குடிநீர் வந்தது. அதற்குமுன் இந்நகர மக்கள் ஊர்க் குளங்களையும் கிணறுகளையுமே நம்பியிருந்தனர். 1898-இல் கொள்ளைநோயாகிய பிளேக் பெங்களூரில் புகுந்து பெரும் நாசம் விளைத்தது. நெருக்கமான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் வெளியேறியபோது, அவர்கள் குடியேறத் திட்டமிட்ட புதிய பகுதிகள் ஆயத்தமாயின. பசவனகுடியும் மல்லேசுவரமும் அவ்வாறு வளர்ந்தவை. அகன்ற தெரு, வீட்டைச் சுற்றிக் காற்று, சாக்கடைக்கு ஒழுங்கான வழி என்று அப்பகுதிகள் அமைந்தன. மார்க்கெட்டை அடுத்த விக்டோரியா ஆஸ்பத்திரி 1900 டிசம்பரில் திறக்கப்பட்டது. நம் காலனியில் அங்கே பிறந்த குழந்தைகளும் உண்டு. அங்கே உயிர் மீண்ட தாத்தாக்களும் உண்டு.

1892-இன் இறுதியில், புகழ் பெறாத இளந்துறவி ஒருவர் பெங்களூருக்கு வந்தார். சில வாரங்கள் அவரைத் தம் விருந்தினராக வைத்துக்கொண்டு, மகாராஜாவிடமும் அழைத்துச் சென்று அறிமுகம் செய்தவர் நம் திவான். மறு ஆண்டு சிகாகோவில் உலகப் புகழ் எய்திய விவேகானந்த சுவாமிகளே அத்துறவி. அவரும் 1884-இல் தந்தையை இழந்து வறுமையில் உழன்றவர். தகப்பனில்லாப் பிள்ளையைத் தகப்பனில்லாப் பிள்ளை இனம் கண்டுகொள்வான் போலும் என்று நமக்குத் தோன்றுகிறது. இது எம் ஊகமே, வரலாற்றாசிரியர் பொறுத்தருள்க.

அவர் வாழ்வின் மிகக் கடினமான சோதனை 1894 டிசம்பர் 28-ஆம் நாள் வந்தது. கல்கத்தா சென்றிருந்த மகாராஜா சாமராஜேந்திர உடையார் தொண்டை அடைப்பான் நோயால் திடீரென மறைந்தார். வயது முப்பத்தொன்று. பட்டத்துக்குரிய மூத்த குமாரர் கிருஷ்ணராஜருக்கு வயது பத்து. ஆட்சியை ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்றுப் பதினான்கு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. சிறுவர் பட்டத்தில், கைம்பெண்ணான தாய் அந்தப்புரத்தில் என்னும் நிலையில் சமஸ்தானங்கள் பிறர் கைக்குப் போன கதைகள் இந்நாட்டில் பல. இங்கே அரசியார் வாணி விலாச சந்நிதானம் ஆட்சிப் பிரதிநிதியாக அமர்ந்தார். அவருக்குத் துணையாகத் திவானும், மூவர் கொண்ட ஆலோசனைச் சபையும் இருந்தனர். சபையில் இருந்த தம்பு செட்டியார் திருச்சிராப்பள்ளியில் பிறந்த தமிழர் என்பதை நம்மவர் நினைவில் கொள்ளலாம்.

இளவரசருக்குப் பாடம் சொல்ல ஆங்கிலேய ஆசிரியர் பிரேசர் 1896-இல் நியமிக்கப்பட்டார். அன்பு தாயிடமும் அறிவு ஆசிரியரிடமும் கிடைத்தன. தகப்பனார் செய்ய வேண்டிய எஞ்சிய வேலை ஒன்று உண்டு: பிள்ளை வளர்ந்து வந்து பொறுப்பேற்கும் நாள்வரை வீட்டைச் சிதையாமல் காப்பது. அதைச் செய்தவர் திவான். குமாரபுரத்தில் ஒரு தமையனார் தமக்குச் செய்ததை, அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் ஓர் அரசிளங்குமரனுக்குச் செய்தார். 1902 ஆகஸ்டில் கிருஷ்ணராஜ உடையார் முழு ஆட்சி உரிமை ஏற்றபோது, வீடு கட்டுக்கோப்பாக இருந்தது. சாவியை ஒப்படைக்கத்தான் அவர் உயிரோடில்லை.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்றையும் சொல்வோம். மலர்க் கட்டுரைகளில் புகழ்ச்சி மட்டுமே இருக்க வேண்டும் என்னும் வழக்கத்தை நாம் ஏற்பதில்லை. சேஷாத்ரி ஐயர் கண்டிப்பான தகப்பனார். அதிகாரத்தைத் தம் கையிலேயே குவித்து வைத்துக்கொண்டார் என்றும், ஆலோசனைச் சபையாரைக் கலந்துகொள்ளவில்லை என்றும் அக்காலப் பத்திரிகைகள் குறை கூறின. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. உயர்ந்த உத்தியோகங்களுக்குச் சென்னை மாகாணத்தவரையே அழைத்து வந்தார், மண்ணின் மக்களுக்கு உரிய இடம் தரவில்லை என்ற மனத்தாங்கல் மைசூர் மக்களிடையே வலுத்தது. பின்னாளில் மைசூர் அரசியலில் நெடுங்காலம் நிலவிய பிளவுகளுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1891 முதல் சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வு நடத்தித் திறமை பார்த்து ஆள் எடுக்கும் முறையும் அவர் காலத்திலேயே ஏற்பட்டது என்பது உண்மை. எனினும் குறை கூறியவர்களின் மனம் அதனால் முழுதும் ஆறவில்லை.

அவர்கள் கூறியது முழுப் பொய் என்று தமிழராகிய நாம் சாதிப்பது முறையாகாது. தம்மைக் கைதூக்கிவிட்டவரைப் போலத் தாமும் நம்மவரைக் கைதூக்கிவிட வேண்டும் என்று எண்ணுபவர், பக்கத்தில் நிற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காணாமல் போவது எளிது. வந்த ஊரில் வாழும் நமக்கு இது பழங்கதை அன்று. நம் பிள்ளைகள் கன்னடப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கின்றனர்.

இறுதியாக, மின்சாரக் கதையைச் சொல்ல வேண்டும். காவிரி சிவசமுத்திரத்தில் வீழ்ந்து வீணே ஓடுவதைக் கண்டு, அந்நீரின் விசையால் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்க வயலுக்கு அனுப்பலாம் என்று பொறியாளர் லாத்பினியேர் திட்டம் தந்தார். 92 மைல் தொலைவு! அவ்வளவு தூரம் கம்பி வழியே மின்சாரம் செல்லும் என்பதை நம்புவோர் அந்நாளில் உலகிலேயே சிலர்தாம். பெரும் பணத்தைக் காட்டுக்குள் கொட்டுவதா என்று பலர் அஞ்சினர். திவான் அஞ்சவில்லை. சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியாரை மின்சாரம் வாங்க உடன்படச் செய்து, அதன் பின்னரே பணத்தை இறக்கினார். துணிவிலும் கணக்குத் தவறாத குடும்பத் தலைவரின் புத்தி அது.

1902 ஜூன் 30-ஆம் நாள் சிவசமுத்திரத்து மின்சாரம் தங்க வயலை எட்டிற்று. அச்சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை ஜில்லாக்களிலிருந்தும் சென்ற தமிழர். நம் காலனியில் சிலருடைய பாட்டனார்கள் அவர்களுள் இருந்தனர். பூமிக்கடியில் ஓராயிரம் அடிக்கும் கீழே, முகம் தெரியாத இருளில் கல் உடைத்து, மேலே வந்து, சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொடுத்த தந்தையர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, அவர்களுடைய மக்களும் பேரரும் பெங்களூருக்கு விடியற்கால இரயிலில் வேலைக்கு வந்து போகத் தொடங்கினர். அப்பெரியவர்களின் பெயர்களும் எந்தச் சிலையின் அடியிலும் பொறிக்கப்படவில்லை.

மின்சாரம் ஓடத் தொடங்கியதைச் சேஷாத்ரி ஐயர் காணவில்லை. உடல் நலிவால் பதவியிலிருந்து விலகிய அவர், 1901 செப்டம்பர் 13-ஆம் நாள் பெங்களூரில் காலமானார். வயது ஐம்பத்தாறு. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் விஞ்ஞானக் கழகம் இந்நகரில் அமைவதற்கு முதல் முயற்சிகளில் துணை நின்றவர் அவர். அதற்கு மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது அவர் மறைந்தபின், 1907-இல். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில்.

1913-இல் வைஸ்ராய் ஹார்டிஞ் பிரபு கப்பன் பூங்காவில் அவர் சிலையைத் திறந்துவைத்தார். பின்னால் உள்ள மண்டபமும் அவர் நினைவாக எழுந்ததே. 1915 முதல் அது பொது நூலகமாக இருந்து வருகிறது. சேஷாத்ரிபுரம் அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் வாழ்ந்த குமார கிருபா மாளிகை, 1927-இல் காந்தியடிகள் நலிவுற்றுப் பெங்களூர் வந்தபோது தங்கி ஓய்வு கொண்ட இடமாயிற்று.

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் அந்நூலகத்திற்குச் சென்றிருந்தோம். நீண்ட மேசைகளில் இடமில்லாதபடி இளைஞர்கள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தனர். ஒருவர்க்கொருவர் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் தாழ்ந்த குரலில் ஐயம் கேட்டுக்கொண்டனர். நம் காலனி வெங்கட்டராமன் தெருப் பையன் ஒருவனும் அங்கே இருந்தான். அவனுடைய தகப்பனார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானவர். விண்ணப்பக் கட்டணத்தை அவன் மாமா கட்டியிருப்பதாகச் சொன்னான். விளக்குகள் ஏற்றப்பட்டன. அவன் மீண்டும் புத்தகத்தின் பக்கம் திரும்பினான். நாமும் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்தோம்.